கிளட்ச் பெடலும் ஒரு ஜோடி பூட்ஸும்

அந்தக் காரை முதல் நாளிலிருந்தே நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தொண்டைதான் காய்ந்தது. கார் என் அண்ணனுடையது. ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தான். பங்காருபேட்டை ஸ்டேஷனில் இறங்கும் சரக்கை எடுத்துவர, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய காரை வாங்கிப் போட்டிருந்தான். பின் சீட்டில் உட்கார்ந்தால் மிளகாய் வற்றல் நெடியில் தும்மல் வரும். கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் சாத்திக்கொள்ளும். அதெல்லாம் போகட்டும். கிளட்ச் பெடலை மிதித்தால் "கீ...ச்" என்று ஒரு சத்தம் வரும். காலை எடுத்தால் இன்னொரு தரம் வரும்.

ஊரில் வேறு யாரும் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. என் வீட்டுக்காரர் பிழைப்பில் மட்டும் அது மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

அவர் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறையை வெட்டி எடுத்த இடத்தில் கூரை இறங்காமல் இருக்க மரக்கட்டைகளை நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. மேலேயிருந்து பாறை அமுக்கும்போது கட்டைகள் முனகும். "கட்டை பேசுது" என்பார்கள். பேசினால் உடனே ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். ஆப்பு அடித்த பிறகும் பேசினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவருடைய கேங்குக்கு அதுதான் வேதம்.

முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் கட்டை பேசியது. ஆப்பு அடித்தார்கள். மறுபடியும் பேசியது. ஓடினார்கள். மற்றவர்களை முன்னே தள்ளிவிட்டு இவர் கடைசியாக ஓடினார். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் லைன் வீடுகளில் டம்ளர்கள் ஆடும். ஆடியதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாயில் இருக்கிற ஷாஃப்டுக்கு ஓடினேன். இடுப்பு வரை கல்லுக்குள் புதைந்து கிடந்தவரைத் தோண்டி மேலே கொண்டுவர ஒரு முழு ஷிஃப்ட் ஆயிற்று. இடது கால் எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அன்றைக்கு நான் கும்பிடாத சாமி இல்லை, மாதா கோயில் உட்பட.

ஏழெட்டு மாதத்தில் கால் கூடிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலை என்றால் மறுபடியும் கீழேதான். இரும்பு மூக்கு வைத்த புது பூட்ஸ் ஒரு ஜோடி கூட வந்து இறங்கிவிட்டது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அவர் தட்டில் கை வைப்பார், இரண்டு வாய் தின்பார், எழுந்துவிடுவார். அப்போதுதான் மேலே தரையில் சுரங்கத்து வேன் ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. கல்யாணத்துக்கு முன்பே என் அண்ணனோடு சேர்ந்து ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தார். திங்கட்கிழமை காலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓட்டினால் வேன் வேலை. இல்லாவிட்டால் அடுத்த வாரமே கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவர் அந்தக் கேஜில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கை பழகட்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் பேத்தமங்களா ரோட்டுக்குப் போனோம். அவர் ஓட்ட, அண்ணன் பக்கத்தில், நான் பின்னால் மிளகாய் நெடியில். ஹார்ன் அடிப்பது, மாட்டு வண்டிக்கு ஒதுங்குவது எல்லாம் சுத்தம். கியர் மாற்றக் கிளட்சை மிதித்தார். கீச். கால் சடாரென்று பெடலைவிட்டு எகிறியது. கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"இன்னா மாப்ளே, கால் புட்ச்சிக்கிச்சா?" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் இல்ல மச்சான்" என்று மறுபடி கிளப்பினார். கீச். நின்றது. ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் பதினோரு தரம் நின்றது, நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஒன்பதாவது தரம் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாங்க இது, கார் ஓட்றீங்களா, எங்களப் போட்டு மாவு சலிக்கிறீங்களா? திங்கக்கெழமையும் இப்டியே நின்னுகினு இருப்பீங்களா?" என்று கத்திவிட்டேன். கத்திய சூட்டோடு, முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பத்தாவது தரம் மிதித்தார். கீச். அவர் கண் ரோட்டில் இல்லை. காரின் கூரைக்குப் போயிற்று. பதினோராவது தரமும் கூரையைத்தான் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலில் ஒரு குறையும் இல்லை. அவர் காதுக்கு அது பெடல் இல்லை, கட்டை. கட்டை பேசினால் ஓடு என்று இத்தனை வருஷம் அந்தக் காலைப் பழக்கியிருக்கிறார், கால் ஓடுகிறது. இந்த மனுஷனைப் போய் ஊர் ரோட்டில் திட்டினேனே என்று என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "சத்தம் வந்தா மேல பாக்கறீங்களே, இன்னா கீது மேல?"

காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தெர்லமே. தன்னால போவுது" என்றார். அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. அதுவரை கேலி செய்துகொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான். மெக்கானிக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. "நானும் ரெண்டு வருசமா தேங்காண்ண வுட்டுகினுதான் கீறேன், போவ மாட்டேங்குது. நாளைக்குக் கடை லீவு. வண்டி இங்கியே நிக்கட்டும், நீங்க எதனா பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து வாசல் தெளிக்க வந்தபோது அவர் காரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "சத்தம் போச்சுமே" என்றார். மிதித்துக் காட்டினார், சத்தமே இல்லை. எனக்கு வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அப்படியே தண்ணீரோடு நின்றேன்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றேன். ஓட்டினார். எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி உறுமியது. கார் ஒரு அங்குலம் நகரவில்லை. இன்னும் அழுத்தினார், இன்னும் உறுமியது. எதுவோ கருகுகிற நாற்றம் வந்தது. அண்ணன் அந்த நேரம் பார்த்து இட்லிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து சாவியைத் திருப்பினான். குனிந்து பெடலைப் பார்த்தவன் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டான். பெடலின் தண்டு தரைப்பலகையில் இருக்கிற ஓட்டை வழியாகக் கீழே போகும். அந்த ஓட்டையில், தண்டை ஒட்டி, இழைத்து எடுத்த அழகான மர ஆப்பு ஒன்று கச்சிதமாக இறங்கியிருந்தது. பெடல் முழுசாக மேலே வர முடியாமல் பாதியில் நின்றிருந்தது. பெடல் பாதியில் நின்றால் கிளட்ச் எப்படிப் பிடிக்கும்? கார் எப்படி நகரும்?

"மாப்ளே! இது இன்னா சொரங்கத்துல ஒங்க லெவலா, ஆப்பு அடிக்கறதுக்கு? கிளட்ச் பிளேட்டே எரிஞ்சி போயிருக்கும்!"

"பேசிச்சு, அடிச்சேன் மச்சான்" என்றார் அவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. உலகத்தில் எவனாவது கிளட்ச் பெடலுக்கு ஆப்பு அடிப்பானா? எங்கள் ஊர் டிம்பர்மேன் அடிப்பான். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அண்ணன் முறைத்துப் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். கடைசியில் அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆப்பைப் பிடுங்கினோம். கீச்சும் திரும்பி வந்தது.

சத்தம் பெடலில் இல்லை, தரைக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். அங்கே தண்டு, கம்பி, ஸ்பிரிங் என்று ஒரு குடும்பமே இருக்கிறதாம். எது கத்துகிறது என்று பார்க்க யாராவது காருக்கு அடியில் படுக்க வேண்டும். அண்ணனுடைய தொப்பை காருக்கு அடியில் நுழையாது. அவர் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப்போயிருந்தது. முகத்துக்கு ஒரு சாண் மேலே அத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு படுப்பதென்றால், அவருக்கு அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா?

"நான் போறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உடனே விடவுமில்லை. ஜாக்கியை நம்பவே மாட்டேன் என்றுவிட்டார். விறகுக்கென்று வாங்கிப் போட்டிருந்த கட்டைகளையெல்லாம் இழுத்துவந்து, குறுக்கும் நெடுக்குமாக நாலு மூலையிலும் அடுக்கி, நடுவிலும் ஒன்று அடுக்கி, ஒவ்வொன்றையும் காலால் எத்திப் பார்த்தார். யானை ஏறி நின்றாலும் கார் இறங்கியிருக்காது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா எட்டிப் பார்த்து, "ஏமம்மா, காருக்கு வீடு கட்றீங்களா?" என்றாள். "ஆமாக்கா, பால் காய்ச்சும்போது கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

கையில் அடுப்பு ஊதுகிற ஊதாங்குழல். ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை இரும்பில் வைத்தால் சத்தம் எங்கே பிறக்கிறதோ அங்கே பெரிசாகக் கேட்கும் என்று அவர்தான் சொன்னார். மேலே அவர் பெடலை மிதித்தார். எனக்கு எங்கே வைத்தாலும் பெரிசாகத்தான் கேட்டது. கண்ணில் துருவும் மண்ணும் கொட்டியது.

"எங்கமே?"

"எல்லா எடத்துலயும்தான் கத்துது!"

"எல்லா எடத்துலயும் எப்டிக் கத்தும்? கொழாய நவுத்து."

"நவுத்தினுதான் கீறேன்! அவ்ளோ தெரிஞ்சா நீங்களே வந்து பாருங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த வாய் இருக்கிறதே, இதற்கு ஆப்பு அடித்தால்தான் சரிப்படும். மெல்ல ஊர்ந்து வெளியே வந்தேன். அவர் காரைவிட்டு இறங்கி நின்று தான் அடுக்கிய கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒவ்வொன்றையும் எத்தினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். கட்டை பேசவில்லை.

"கொழாயக் குடு" என்றார்.

தலையை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார். இன்னொரு தரம் விட்டார், எடுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அண்ணன் "வேணாம் மாப்ளே" என்று வாயைத் திறந்தான், நான் அவன் கையைக் கிள்ளினேன். மூன்றாவது தரம் அவர் மல்லாந்து படுத்து, இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ மேல ஏறி ஒக்காரு. ரெண்டு தட்னா எறக்கு. ஒண்ணு தட்னா ஏத்து."

அது கேஜுக்கான மணி. கீழே இருப்பவர்கள் மணி அடித்துச் சொல்வார்கள், மேலே எஞ்சின் ரூமில் இருப்பவர் அதைக் கேட்டுக் கேஜை ஏற்றுவார், இறக்குவார். எங்கள் லைனில் நண்டு சிண்டுக்குக்கூட அது தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பெடல்மேல் காலை வைத்தேன்.

டங், டங். மிதித்தேன். கீச். டங். காலை எடுத்தேன். கீச். டங், டங். டங். ஓட்டை வழியாக அவர் தலைமுடி கொஞ்சம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக, முகம் தெரியாத எவரோ ஒருவர் மேலே உட்கார்ந்து மணிக்குக் காது கொடுத்து இவரைத் தினமும் எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று அப்போதுதான் நினைத்தேன். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

திடீரென்று தட்டுவது நின்றுவிட்டது. காத்திருந்தேன். "இன்னாங்க?" என்றேன். பதில் இல்லை. "இன்னாங்க, வெளிய வந்துடுங்க, வேன் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அவர் காலைப் பிடித்து இழுக்கக் குனிந்துவிட்டான்.

டங், டங்.

மிதித்தேன். கீச். உடனே உள்ளேயிருந்து சத்தமாகக் குரல் வந்தது. "ஆப்ட்டுச்சுமே! கட்டை இல்ல, கொக்கி! வெறும் கொக்கி!"

பெடலைத் திரும்ப மேலே இழுக்கிற ஸ்பிரிங் ஒன்று. அதன் கொக்கி ஒரு இரும்புப் பட்டையின் ஓட்டையில் மாட்டியிருந்தது. காய்ந்துபோய், துருவேறி, ஓட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியிருக்கிறது. குறடால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, "மிதி" என்றார். மிதித்தேன், ஒரு சத்தமும் இல்லை. அத்தனை நாள் அத்தனை எண்ணெயையும் அண்ணன் வேறு எங்கேயோ ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் காதுதான் அவரைப் படுத்தியது, அந்தக் காதுதான் இதையும் கண்டுபிடித்தது.

கொக்கியை உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் தடவி மாட்டினார். நாலு மிதிக்கு ஒன்றுமில்லை, ஐந்தாவது மிதிக்கு மறுபடி கீச். ஓட்டை தேய்ந்து அகலமாகிவிட்டது, இரும்பும் இரும்பும் உரசத்தான் செய்யும், நடுவில் கெட்டியாகத் தோல் மாதிரி எதையாவது கொடுக்க வேண்டும் என்றார் அவர். பழைய செருப்பு இருக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அந்த பூட்ஸக் கொண்டாமே" என்றார்.

"எந்த பூட்ஸு? புது பூட்ஸா?"

"ஆமா."

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கீழ போறதுக்கு பூட்ஸு வேணாமா?"

காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் கிரீஸ். "கொண்டா" என்றார்.

கொண்டு வந்தேன். கொண்டு வந்ததோடு நிற்காமல் அரிவாள்மனையையும் எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து, இடது கால் பூட்ஸின் நாக்கை நானே அறுத்தேன். பூசணிக்காய்கூட அவ்வளவு ஆசையாக அறுத்ததில்லை. அவர் தோலை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, கிரீஸில் ஊறவைத்து, கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவில் கொடுத்தார். பிறகு ஐம்பது தரம் மிதித்தேன். கால் வலித்ததே தவிரக் கார் வாய் திறக்கவில்லை. சாயந்திரம் பேத்தமங்களா வரைக்கும் போய் வந்தோம். கார் ஒரு தரம்கூட நிற்கவில்லை, அவரும் ஒரு தரம்கூடக் கூரையைப் பார்க்கவில்லை.

ஆனால் ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாளைக்கு ஓட்டிக் காட்டப் போவது இந்தக் காரை இல்லையே.

திங்கட்கிழமை டிபன் டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு போய்ச் சுரங்கத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். ஃபோர்மேன் ஒரு வேனைக் காட்டினார். எங்கள் காருக்கே தாத்தா மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார், கிளட்சை மிதித்தார்.

கீ...ச்! வேலிவரைக்கும் கேட்டது. எங்கள் கார் பூனைக்குட்டி, இது எருமைக் கன்று. எனக்கு வாய்க்கு வந்த சாமி பேரெல்லாம் வந்தது. அவர் தலை மெல்ல மேலே போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, காதைக் கீழே கொடுத்தார். வேண்டுமென்றே இன்னும் இரண்டு தரம் மிதித்துக் கேட்டார். கியர் போட்டார். வேன் கிளம்பியது. கீச் கீச்சென்று கத்திக்கொண்டே மண்மேட்டைச் சுற்றியது, ஏற்றத்தில் ஏறியது, பின்னால் வந்தது, திரும்பவும் போய்ச் சொன்ன இடத்தில் நின்றது. நடுவில் ஒரு தரமும் நிற்கவில்லை.

அவர் இறங்கி ஃபோர்மேனிடம் ஏதோ சொன்னார். ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், ஒரு காகிதத்தில் எழுதினார். இவர் வேலியை நோக்கி வந்தார், அவசரமே இல்லாமல்.

"இன்னா ஆச்சுங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

"அந்த இன்னொரு பூட்ஸ எங்க வச்சிகீற?"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "கட்லுக்கு அடியில. இன்னாத்துக்கு இப்ப பூட்ஸு?"

"வேனுக்கும் கொக்கி காஞ்சி போய்க் கீது" என்றார். "நாளையிலேர்ந்து நான்தான ஓட்டணும்."

டிபன் டப்பாவை வேலி வழியாக அவர் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து வலது கால் பூட்ஸை இழுத்து அரிவாள்மனையில் வைத்தேன். இந்தத் தடவை நாக்கோடு நிறுத்தவில்லை, பெரிய துண்டாகவே அறுத்தேன்.